பாலர் சபைகளில் இசைநாடகப் பயிற்சி: குரல், பனுவல், கல்வி

முன்னுரை

கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நாடகமும் பாட்டும் கற்பிக்கும் பயிலரங்குகள் இன்று இந்திய நகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. சில வாரப் பயிற்சி, இறுதியில் பெற்றோர் முன்னிலையில் ஓர் அரங்கேற்றம், பின்னர் மீண்டும் பள்ளி என்பது இவற்றின் பொதுவான அமைப்பாகும். ஏறத்தாழ இதே வயதினருக்குத் தமிழகத்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அளிக்கப்பெற்ற இசைநாடகப் பயிற்சிக்கு விடுமுறை என்னும் எல்லையே இருந்ததில்லை. அப்பயிற்சி ஆண்டு முழுவதும் நடந்தது. அதைப் பெற்ற சிறுவர்கள் திரும்பிச் செல்லவேண்டிய பள்ளியும் பெரும்பாலும் இருக்கவில்லை. 'பாலர் சபை' என்றும், மக்கள் வழக்கில் 'பாய்ஸ் கம்பெனி' என்றும் அழைக்கப்பெற்ற நாடக நிறுவனங்களே அப்பயிற்சியின் களங்களாகும்.

பாலர் சபைகளைப் பற்றிய எழுத்துகள் அவற்றைப் பெரிதும் திரைநடிகர்களின் நாற்றங்காலாகவே நோக்கியுள்ளன. எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன் போன்றோர் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் இந்நோக்கு இயல்பானதே. ஆயினும், வென்றவர்களின் பட்டியலைக் கொண்டு ஒரு பயிற்சி முறையை மதிப்பிடும்போது அம்முறையின் உள்ளியக்கம் மறைந்துவிடுகிறது. சிறுவர் குரலை அடித்தளமாகக் கொண்டு எழுப்பப்பட்ட ஒரு பயிற்சி முறையாகப் பாலர் சபையை நோக்கி, அது தமிழ் நாடகப் பனுவலுக்கு அளித்தது யாது, அதற்கு ஈடாகச் சிறுவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டது யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பாலர் சபையின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் மேடையில் இரு போக்குகள் அருகருகே இயங்கின. ஒன்று பயில்முறை நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை அதன் முன்னோடி. அதில் நடித்தோருள் பெரும்பாலோர் கல்வி கற்றவர்கள். வேறு தொழில் உடையவர்கள். நாடகத்தால் பிழைக்கவேண்டிய தேவை இல்லாதவர்கள். மற்றொன்று தொழில்முறை நாடகம். ஊர்தோறும் கொட்டகை அமைத்து, கட்டணம் வாங்கி, இரவு முழுவதும் பாட்டும் வசனமுமாக நடத்தப்பெற்றது அது. பாட்டே அதன் உயிர்.

தொழில்முறை மேடையின் பெரும் ஆசிரியராக விளங்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றிய அவர், பின்னர் நாடகத்தையே வாழ்வாகக் கொண்டார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய கடும் வேடங்களில் நடித்தவர், ஒரு கட்டத்தில் நடிப்பைக் கைவிட்டு ஆசிரியராக மட்டுமே நிலைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சதி சுலோசனா, பிரகலாதன், லவகுசா, அபிமன்யு சுந்தரி முதலிய நாடகங்கள் அவர்தம் கொடைகளாகும்.

1918-இல் மதுரையில் அவர் ஆசிரியராக அமர்ந்த 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' பாலர் சபை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அதற்கு முன்னும் அதே காலத்திலும் சிறுவர்களைக் கொண்ட குழுக்கள் இருந்தன. ஜகந்நாத ஐயரின் பாலமீன ரஞ்சனி சங்கீத சபை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அடுத்த பதிற்றாண்டுகளில் சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் இராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழு, 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை எனப் பல தோன்றின. இப்பெயர்களில் 'பால' என்னும் சொல்லும் 'சங்கீத' என்னும் சொல்லும் திரும்பத் திரும்ப வருவது தற்செயலன்று. சிறுவர், இசை ஆகிய இரண்டுமே இச்சபைகள் கொட்டகைக்கு முன் வைத்த அழைப்பு.

பனுவலை நிலைப்படுத்திய சிறுவர்கள்

வளர்ந்த நடிகர்களை விட்டுச் சிறுவர்களைத் தேர்ந்தது ஏன் என்னும் வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுகின்றன. வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கின்மை ஒன்று. சிறுவர்களுக்கான செலவு குறைவு என்பது மற்றொன்று. இரண்டும் மெய்யே. எனினும் இலக்கிய நோக்கில் மூன்றாவது காரணம் ஒன்று கருதத்தக்கது. அது பனுவல் பற்றியது.

அக்காலத் தொழில்முறை மேடையில் புகழ்பெற்ற நடிகர் எழுதிய பாடத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பல ஊர்களிலிருந்து ஒரு மேடைக்கு வந்து, ஒத்திகையின்றி நடிக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' அவரது களம். அங்கே நாரதரும் வள்ளியும் செய்யும் தருக்கம், ஆசிரியர் எழுதியதைத் தாண்டி இரு நடிகர்களின் சொந்தத் திறமைப் போட்டியாக மாறிவிடும். அவையோர் அதனையே விரும்பிக் கேட்டனர். கற்பனை வளம் மிக்க அம்மரபு இன்றும் தென்மாவட்டத் திருவிழாக்களில் வாழ்கிறது. ஆயினும், யாப்பறிந்து, வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் முறையாக அமைத்து எழுதிய ஓர் ஆசிரியரின் பனுவல் அங்கே ஒவ்வோர் இரவும் சிதைவுக்கு உள்ளாயிற்று.

சிறுவர் அவ்வாறு செய்ய இயலாதவர். மேடையில் சொந்தமாகத் தருக்கமிடும் ஆற்றல் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் மனப்பாட ஆற்றல் மிகுதி. ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதே அவரது பயிற்சி. ஆகவே, பாலர் சபையில்தான் தமிழ் இசைநாடகப் பனுவல் முதன்முறையாக முழுமையாகவும் ஒரே வடிவிலும் மீண்டும் மீண்டும் மேடையேறும் வாய்ப்பைப் பெற்றது எனலாம்.

பனுவலைச் சிறுவர்கள் காத்தனர் என்பதோடு இவ்வுறவு முடியவில்லை. சிறுவர்களும் பனுவலை உருவாக்கினர். பிரகலாதன், இலவனும் குசனும், அபிமன்யு, அரிச்சந்திரன் கதையில் வரும் லோகிதாசன் எனச் சிறுவரையோ இளைஞரையோ நடுவில் நிறுத்தும் கதைகள் இம்மேடையில் பெற்ற செல்வாக்கு இதற்குச் சான்று. சிறுவரான டி.கே. சண்முகத்தை எண்ணியே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் செய்தி நாடக உலகில் பரவலாக அறியப்பட்டது. ஓர் இரவு என்பதில் வியப்பின் மிகை கலந்திருப்பினும், குறிப்பிட்ட ஒரு சிறுவனின் குரலையும் நினைவாற்றலையும் அளந்து ஆசிரியர் நாடகம் யாத்தார் என்பதே இச்செய்தி உணர்த்தும் பொருள்.

பயிற்சியின் இயல்பு

பாலர் சபையில் கற்பித்தவர் 'வாத்தியார்' என அழைக்கப்பெற்றார். பாடம் எழுதுதல், பாட்டுக்கு மெட்டமைத்தல், நடிப்புச் சொல்லித்தருதல், வேடம் பகிர்தல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. சிறுவர்கள் சபையின் வீட்டிலேயே தங்கினர், அங்கேயே உண்டனர், சபை ஊர் மாறும்போது அவர்களும் ஊர் மாறினர். பகலில் பாடமும் ஒத்திகையும், இரவில் நாடகமும் என்பதே வாழ்க்கை. இதனைக் 'குருகுலம்' எனப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர்கள் உண்டு. அச்சொல்லில் நன்றியும் உண்டு; வெளியேற முடியாத கட்டுப்பாடும் உண்டு.

பயிற்சி பெரிதும் வாய்மொழி வழிப்பட்டது. வாத்தியார் ஓர் அடியைச் சொல்ல, சிறுவர்கள் திருப்பிச் சொல்வர். பாட்டு ஆர்மோனியத்தின் துணையோடு பயிற்றப்பெற்றது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் திறந்த கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டின் சொல் தெளிவாகச் சென்றடைய வேண்டும். ஆகவே உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல் பாடுவதே முதல் இலக்கணம். சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) எட்டிய மேல்தாய்ப் பாடும் ஆற்றல் இம்மேடையின் தேவையிலிருந்து விளைந்ததே.

ஒரே சிறுவன் பல வேடங்களைக் கற்றான். இன்று தோழி, நாளை நாயகி, மறுநாள் நாயகன் என்னும் சுழற்சி அவனுக்கு நாடகம் முழுவதையும் மனத்தில் இருத்தியது. பிறர் பாடத்தையும் அறிந்திருந்ததால், ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்வேடத்தை ஏற்றான். தாளம், உடல் நிலை, பார்வை, தமிழ் உச்சரிப்பு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக அன்றி ஒன்றாகவே உள்ளத்தில் படிந்தன. சிவாஜி கணேசனின் வசன உச்சரிப்பிலும் என்.எஸ். கிருஷ்ணனின் காலக்கணிப்பிலும் பின்னாளில் வெளிப்பட்டது இப்பயிற்சியே. அடியும் கடுஞ்சொல்லும் அதன் பகுதியாகவே இருந்தன. அக்காலப் பள்ளிகளிலும் பிரம்பு இருந்தது என்பது உண்மை. ஆனால் பள்ளியில் அடிபட்ட சிறுவன் மாலையில் வீட்டுக்குச் சென்றான். சபையில் அடிபட்டவனுக்கு அந்த வீடு இல்லை.

மகரக்கட்டு

இப்பயிற்சி முறையின் மையத்தில் ஒரு முரண் இருந்தது. அதனைத் தமிழ் நாடக உலகம் ஒரே சொல்லில் குறித்தது: மகரக்கட்டு. பதின்ம வயதில் சிறுவனின் குரல் மாறுவதையே அச்சொல் சுட்டுகிறது. 'மகரக்கட்டு உடைந்துவிட்டது' என்னும் தொடர் ஒரு நடிகனின் வாழ்க்கையில் ஒரு காலம் முடிந்ததை அறிவிப்பதாகவே நாடகக்காரர் நினைவுகளில் வருகிறது.

சிறுவனின் உடையாத குரல் இருபாலுக்கும் பொதுவானது. அதனால் ராஜபார்ட்டும் பாடலாம், ஸ்திரீபார்ட்டும் பாடலாம். அக்குரலை நம்பியே பெண்களின்றிப் பாலர் சபை முழு நாடகத்தையும் நடத்தியது. உயர்ந்த சுருதியில் அமைந்த பாட்டுகளும் அக்குரலை அளவுகோலாகக் கொண்டவை. ஆனால் அக்குரல் சில ஆண்டுகளே நிற்பது. ஏழெட்டு வயதில் சேர்ந்து, பல நூறு பாட்டுகளைக் கற்று, கலையில் தேர்ச்சி பெறும் தறுவாயில் அச்சிறுவன் தன் கருவியை இழந்தான். வேறு எந்தத் தொழிலிலும் பயிற்சி முற்றும் பருவமும் பணிக்குத் தகுதி இழக்கும் பருவமும் இவ்வாறு ஒன்றாக நேர்வதில்லை.

பி.யு. சின்னப்பாவின் (1916-1951) வாழ்க்கை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. புதுக்கோட்டையைச் சேர்ந்த அவர் மீனலோசனி சபையிலும் பின்னர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் பாட்டால் பெயர் பெற்றார். குரல் உடைந்த பின் கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். சிலம்பத்திலும் உடற்பயிற்சியிலும் தேர்ந்தார். குரல் நிலைபெற்ற பிறகே, 1930-களின் நடுப்பகுதியில், திரைப்படம் அவரை ஏற்றது. உத்தம புத்திரன் (1940), கண்ணகி (1942), ஜகதலப்பிரதாபன் (1944) ஆகிய படங்களின் நாயகன் ஒரு காலத்தில் குரல் போனதால் ஊர் திரும்பிய சிறுவன் என்பது நினைக்கத்தக்கது. அவருக்குத் திரும்பி வர ஒரு வாயில் திறந்தது. அவ்வாறு திரும்பாதவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

குரல் உடைந்தவர்களுக்குச் சபைக்குள் சில இடங்கள் இருந்தன. பபூன் வேடம் ஏற்கலாம். அரக்கர், முனிவர் முதலிய வேடங்களுக்கு மாறலாம். ஆர்மோனியம் அல்லது மிருதங்கம் பழகலாம். ஒப்பனை, படுதா, கணக்கு என மேடைக்குப் பின்னே செல்லலாம். இவ்விடங்கள் சிலவே, ஆண்டுதோறும் குரல் உடைவோரோ பலர். சபையின் உரிமையாளராக இருந்தோர் மட்டுமே இச்சிக்கலை முழுமையாகக் கடக்க முடிந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் இதற்குச் சான்று. சங்கரன் நிருவாகத்தையும், முத்துசாமி எழுத்து, இசைப் பணிகளையும், சண்முகமும் பகவதியும் நடிப்பையும் ஏற்றுக்கொண்டனர். அவர்களுக்கு வயது கூடியபோது சபையின் நாடகங்களும் அவர்களோடு வளர்ந்தன. பாட்டு மிகுந்த புராணக் கதைகளிலிருந்து வசனம் மிகுந்த சமூக நாடகங்களுக்கு மேடை நகர்ந்தமைக்கு எம். கந்தசாமி முதலியார் போன்ற ஆசிரியர்களின் சீர்திருத்த நோக்கும் காலத்தின் சுவை மாற்றமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவற்றோடு, நடிகர்களின் குரல் மாறிய உண்மையையும் ஒரு காரணமாகச் சேர்த்து எண்ண இடமுண்டு.

பள்ளியும் சபையும்

பாலர் சபைக்கு வந்தோர் யாவர்? கல்வியும் நிலமும் உடைய குடும்பங்களின் பிள்ளைகள் அல்லர். தந்தையை இழந்து, கும்பகோணத்தில் தாயின் உழைப்பில் வளர்ந்த எம்.ஜி. இராமச்சந்திரனும் அவர்தம் அண்ணன் சக்கரபாணியும் வறுமையால் பள்ளியை விட்டுக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். சிவாஜி கணேசனோ நாடக ஆசையால் வீட்டை விட்டு, தான் அநாதை என்று சொல்லிக் கம்பெனியில் இடம் பெற்றதாகத் தன்வரலாற்றில் தெரிவிக்கிறார். பெற்றோர் உள்ள சிறுவன் அநாதை என்று சொன்னால் எளிதில் சேரலாம் என்னும் நிலை, சபை எத்தகைய பிள்ளைகளை எதிர்பார்த்தது என்பதைக் காட்டுகிறது. கேட்க ஆளில்லாத சிறுவனே சபைக்கு ஏற்றவன்.

1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கட்டாயக் கல்வியைத் தத்தம் எல்லைக்குள் நடைமுறைப்படுத்த உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழி செய்தது. ஆனால் ஊர்தோறும் நகர்ந்துகொண்டிருந்த சபைப் பிள்ளைகள் எந்த ஊரின் கணக்கிலும் நிலையாக அமைய வாய்ப்பில்லை. சபையில் தமிழறிவு கிடைத்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பனுவல்கள் வழியே நீதி நூற்கருத்துகளும், யாப்பின் ஓசையும், புராண இதிகாசங்களும் அவர்களுக்கு வாய்த்தன. பள்ளி சென்ற மாணவர் பலருக்கு வாய்க்காத செவிச்செல்வம் அது. ஆனால் கணிதம், ஆங்கிலம், தேர்வுச் சான்றிதழ் ஆகிய எவையும் இல்லை. மேடை கைவிட்டால் எழுத்தர் பணிக்குக்கூட அவர்கள் செல்ல இயலாது. சுகுண விலாச சபையின் உறுப்பினர் கல்வி முடித்து மேடைக்கு வந்தார். பாலர் சபைச் சிறுவன் கல்விக்கு மாற்றாக மேடைக்கு வந்தான். இருவரும் ஒரே நாடகக் கலையின் வரலாற்றில் இடம்பெறினும், அவர்கள் அதற்குக் கொடுத்த விலை ஒன்றன்று.

சிறுமியரின் நிலை வேறு. பாலர் சபை அவர்களை விலக்கியது. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் பெண்கள் குழுவும், சிறு வயதிலேயே மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளும் தமிழ்ப் பெண்களிடம் இசைநாடகத் திறன் குறைவில்லை என்பதை மெய்ப்பித்தனர். எனினும் பெண்வேடத்தைச் சிறுவனின் குரலில் கேட்கப் பழகிய சபைகள், நீண்ட காலம் பெண்குரலைத் தேடவில்லை.

இந்திய மேடையோடு ஓர் ஒப்பீடு

சிறுவரைக் கொண்டு இசைநாடகம் நடத்துவது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தி மேடையின் ஜெயசங்கர் 'சுந்தரி' (1889-1975) ஒன்பது வயதளவில் கல்கத்தாவில் இயங்கிய குழுவில் சேர்ந்து, பெண்வேடத்தால் அப்பெயரையே பெற்றார். மராத்தி மேடையில் பாலகந்தர்வர் (1888-1967) 1905-இல் கிர்லோஸ்கர் நாடக மண்டலியில் சேர்ந்தார். அம்மண்டலியில் சிறுவனாகப் பாடிப் புகழ்பெற்ற தீனாநாத் மங்கேஷ்கர் 1918-இல் பல்வந்த் சங்கீத மண்டலியைத் தொடங்கினார். மதுரையில் மீனலோசனி சபை தோன்றியதும் அதே ஆண்டில்தான். 'மாஸ்டர்' என்னும் அடைமொழி இந்திய மொழி மேடைகள் பலவற்றிலும் சிறுவர் நடிகரைக் குறிக்கப் பயன்பட்டது.

ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மராத்தி மண்டலிகளில் சிறுவர்கள் வளர்ந்த கலைஞர்களோடு சேர்ந்து நடித்தனர். அங்கே அவர்களுக்கு முன்னே ஒரு வளர்ந்த பாடக நடிகர் உயிருள்ள மாதிரியாக நின்றார். பாலகந்தர்வர் முதிர்ந்த வயதிலும் பெண்வேடம் ஏற்றுப் பாடினார். தமிழ்ப் பாலர் சபையோ வயதையே தன் இலக்கணமாகக் கொண்டது. மேடை முழுவதும் சிறுவர்களாக இருப்பதே அதன் கவர்ச்சி. ஆகவே வளர்தல் என்பதே அங்கே ஒரு குறையாயிற்று.

பேசும்படமும் பின்னணிக் குரலும்

1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்த பிறகு, பாலர் சபைகளில் பயின்றவர்களைத் திரைப்படம் தன்பால் ஈர்த்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் மேனகா 1935-இல் படமாயிற்று. 1936-இல் வெளிவந்த சதி லீலாவதியில் எம்.கே. இராதா, எம்.ஜி. இராமச்சந்திரன், என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா முதலிய நாடக மேடைக் கலைஞர்கள் இடம்பெற்றனர். தொடக்கத் திரைப்படம் நடிகரே பாடவேண்டும் என்னும் மேடை விதியைத் தொடர்ந்தது. பின்னர்ப் பின்னணிப் பாடல் முறை பரவியபோது குரலும் உடலும் பிரிந்தன. 1952-இல் பராசக்தியில் சிவாஜி கணேசனுக்காகச் சி.எஸ். ஜெயராமன் பாடினார். மகரக்கட்டு என்னும் தடையைத் திரைப்படம் இவ்வாறு தொழில்நுட்பத்தால் கடந்தது. ஆனால் அதே தீர்வு பாடி நடிக்கும் கலைஞரின் தேவையையும் நீக்கியது. பாடத் தெரிந்த நடிகரை உருவாக்கிய பயிற்சிக்களங்களும் படிப்படியாக மறைந்தன.

பிற்காலத் தீர்வுகள்

விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் சிறுவரின் கல்வி உரிமை சட்டமாக வலுப்பெற்றது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்விச் சட்டமும் பழைய பாலர் சபை மீண்டும் தோன்ற இடமில்லாது செய்தன. 2016-இல் செய்யப்பெற்ற திருத்தம், பள்ளிக் கல்விக்கு ஊறு நேராத வகையில் திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் சிறுவர் கலைஞராகப் பணியாற்ற இசைவளிக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மிகாமை, தொடர்ந்து 27 நாட்களுக்கு மிகாமை, வருவாயில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குழந்தையின் பெயரில் வங்கியில் இடப்படல் ஆகியன 2017-ஆம் ஆண்டின் விதிகள். ஒவ்வொரு விதியையும் பாலர் சபையின் ஓர் இரவோடு ஒப்பிட்டு நோக்கினால் இடைப்பட்ட தொலைவு புலனாகும்.

சட்டம் அனுமதித்த எல்லைக்குள் நாடகப் பயிற்சி பள்ளி விடுமுறைக்கு இடம் மாறியது. தேசிய நாடகப் பள்ளி 1989-இல் தில்லியில் தொடங்கிய கல்விசார் நாடகக் குழுவான 'சன்ஸ்கார் ரங் டோலி' சிறுவர்களுக்குக் கோடைப் பயிலரங்குகளை நடத்திவருகிறது. மைசூர் ரங்காயணத்தின் 'சின்னர மேளா' என்னும் கோடை முகாமும் இவ்வகையில் பெயர் பெற்றது. இம்முகாம்களில் சிறுவனின் குரல் விற்பனைப் பொருள் அன்று. குரல் உடைந்தவனும் பாடலாம்; பாட வராதவனும் பங்கு பெறலாம்; சிறுமியர்க்கும் சம இடம் உண்டு. பாலர் சபையின் கொடுமைகள் அனைத்தும் இங்கே நீங்கிவிட்டன. ஆனால் சில வாரங்களில் ஒரு மரபின் பாட்டுகளையும் பனுவல்களையும் உடலில் ஏற்ற இயலாது என்பதும் வெளிப்படை.

இவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு முயற்சி காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் நடைபெற்றது. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், முறையான பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் அளித்தது. பள்ளியை இடையில் விட்டுத் தந்தையின் கூத்துக்குழுவில் சேர்ந்தவர் இராஜகோபால். தாம் இழந்த ஒன்றைத் தம் மாணவர் இழக்கலாகாது என்பதே அந்நிறுவனத்தின் அடிப்படையாக அமைந்தது. இரவு முழுவதும் ஆடிப்பாடும் கூத்தில் சிறுமியரும் அங்கே பயிற்சி பெற்றனர். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இயங்கிய அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. நீண்ட பயிற்சியையும் பள்ளிக் கல்வியையும் ஒருங்கே அளிப்பது இயலும் என்பதை அது நிறுவியது. அதனை நிலையாக நடத்துவது எளிதன்று என்பதையும் அதன் முடிவு உணர்த்துகிறது.

முடிவுரை

பாலர் சபையைப் பொற்காலமாகப் போற்றுவதும் சிறுவர் சுரண்டலாக மட்டும் ஒதுக்குவதும் ஒருபக்கப் பார்வைகளே. தமிழ் இசைநாடகப் பனுவல் நிலைபெற்ற வடிவைப் பெற்றது அச்சபைகளின் சிறுவர் நாவில்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் பனுவல்களைப் பதிப்பிப்போரும் ஆய்வோரும் அவற்றை வாசிப்புக்குரிய நூல்களாக மட்டுமன்றி, குறிப்பிட்ட வயதினரின் மூச்சையும் சுருதியையும் நினைவையும் அளந்து யாக்கப்பெற்றவையாகக் கொள்ளவேண்டும். அப்போதுதான் அவற்றில் பாட்டு மிகுந்திருப்பதன் காரணமும், அடிகளின் அமைப்பும் விளங்கும்.

அப்பனுவலைத் தாங்கிய குரல்களுக்குச் சபை எதையும் சேமித்து வைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. சுவாமிகள் தம் இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 13.11.1922 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவர்தம் சொற்கள் மாணவர் வாயிலாக நிலைத்தன. மாணவருள் ஒரு சிலர் பெயரும் புகழும் பெற்றனர். எஞ்சியோர் குரல் உடைந்த அன்று நாடக வரலாற்றிலிருந்தும் நீங்கினர். அவர்களுடைய ஊர்களில், குடும்பங்களின் நினைவுகளில், கையெழுத்துப் பாட்டு ஏடுகளில் எஞ்சியுள்ள செய்திகளைத் திரட்டுவது தமிழ் நாடக ஆய்வாளர் முன்னுள்ள கடமையாகும். அப்பணி நிறைவேறும்போது, இளம் வயதினருக்கு இசைநாடகம் கற்பிக்க விழைவோர்க்கு எதைப் பின்பற்றுவது, எதைத் தவிர்ப்பது என்பதற்கான தெளிவும் கிட்டும்.